கார்டில் பிடித்து வைத்த பணமும் கணக்கில் விழும் அபராதமும்: முழுமையான வழிகாட்டி

ஊட்டியில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் காலையிலிருந்து இரவு வரை கார்டு மிஷின் சூடு ஆறாது. அறையைக் காலி செய்துவிட்டுப் போனவர்களில் சிலர் இரண்டு நாள் கழித்துப் போன் செய்வார்கள். "அண்ணா, பில் கட்டிட்டுத்தானே வந்தோம். இன்னும் அஞ்சாயிரம் ஹோல்டுன்னு காட்டுது. அதனால வண்டித் தவணை பவுன்ஸ் ஆயிடுச்சு" என்பார்கள். குரலிலேயே தெரியும், அந்த ஐயாயிரம் அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

எனக்கே இது நடந்திருக்கிறது. அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது, அந்தப் பக்கம் நிற்பவர் என்ன கேட்க வேண்டும், பணம் போய்விட்டால் எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

ஹோல்ட் என்பது என்ன

அறை எடுக்கும்போது கார்டை வாங்கி மிஷினில் போடுவோம். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, 'சேல்'. பணம் உங்கள் கணக்கிலிருந்து உடனே கழிந்துவிடும். இன்னொன்று, 'ப்ரீ ஆத்'. இதில் பணம் லாட்ஜுக்கு வந்து சேராது. "இவ்வளவு தொகையை எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள்" என்று உங்கள் வங்கியிடம் சொல்லி வைப்பது மட்டும்தான். வங்கி அந்தத் தொகையைப் பூட்டி வைக்கும். பணம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் உங்களால் எடுக்க முடியாது.

வங்கி ஆப்பில் பார்த்தால் மொத்த இருப்பு ஒரு எண், 'அவைலபிள் பேலன்ஸ்' என்று இன்னொரு எண் இருக்கும். இடையில் இருக்கும் வித்தியாசம்தான் ஹோல்ட். சில ஆப்களில் 'லீன்' என்று போட்டிருப்பார்கள். ஏ.டி.எம்., தவணை, யு.பி.ஐ. எல்லாமே அவைலபிள் பேலன்ஸை வைத்துத்தான் ஓடும். மொத்த இருப்பைப் பார்த்துவிட்டு 'பணம் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஹோல்டுக்கென்று வங்கி தனியாகக் கட்டணம் பிடிப்பதில்லை. பணம் பூட்டிக் கிடக்கும் நாட்களில் வேறு ஏதாவது ஒன்று தடுக்கி விழும், அதற்குத்தான் அபராதம்.

என் கணக்கில் நடந்தது

மச்சினன் கல்யாணத்துக்குக் கொடைக்கானல் போயிருந்தோம். 2-ஆம் தேதி அறை எடுத்தபோது என் டெபிட் கார்டில் 6,000 ரூபாய் ப்ரீ ஆத் போட்டார்கள். கணக்கில் இருந்தது 11,940. இரண்டு நாள் வாடகை 4,400. 4-ஆம் தேதி காலை கிளம்பும்போது கூட்டம். மேசையில் இருந்த தம்பி பழைய ப்ரீ ஆத்தைத் தொடாமல் புதிதாக 4,400-க்கு ஒரு சேல் போட்டார். அதே வேலையில் இருக்கும் நானே கல்யாண அவசரத்தில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அதாவது வாடகைக்கு 4,400 போயிற்று, வேலை முடிந்துபோன 6,000-மும் பூட்டிலேயே கிடந்தது. கையில் எடுக்கக்கூடியது 1,540 மட்டும். அன்று மாலை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏ.டி.எம்.மில் 2,000 கேட்டேன், வரவில்லை. இருப்பு போதாது என்பதற்காக 20 ரூபாயும் வரியும் சேர்த்து 23.60 பிடித்தார்கள். மறுநாள் 5-ஆம் தேதி பைக் தவணை 2,870 வந்து மோதித் திரும்பியது. அதற்கு என் வங்கி 250-உம் வரியுமாக 295, கடன் கொடுத்த கம்பெனி 500. மொத்தம் 818 ரூபாய் 60 காசு. அந்த ஹோல்ட் விலக 11 நாள் ஆனது. பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் வாடகை போக 7,540 இருந்திருக்கும். ஒரு பைசா அபராதம் வந்திருக்காது.

அறை எடுக்கும்போது

கார்டை நீட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ப்ரீ ஆத்தா, சேலா? எவ்வளவு போடுறீங்க?" இப்படிக் கேட்பவரிடம் மேசையில் இருப்பவர் கொஞ்சம் கவனமாகவே நடந்துகொள்வார்.

பல சிறிய லாட்ஜ்களின் மிஷினில் ப்ரீ ஆத் வசதியே இருக்காது. அங்கே 'காஷன் டெபாசிட்' (திருப்பித் தரும் முன்பணம்) என்று சொல்லி நேராகச் சேலே போட்டுவிடுவார்கள். கிளம்பும்போது மீதியை ரீஃபண்ட் செய்வதாகச் சொல்வார்கள். ரீஃபண்ட் உடனே வராது. லாட்ஜின் வங்கி, கார்டு நெட்வொர்க், உங்கள் வங்கி என்று சுற்றி வர ஒரு வாரம் வரை எடுக்கும். அதனால் காஷன் டெபாசிட் கேட்டால் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குவது நல்லது. கிளம்பும்போது ரொக்கமாகவே கையில் வந்துவிடும்.

கிரெடிட் கார்டு இருந்தால் ஹோல்டுக்கு அதையே கொடுங்கள். அதில் பூட்டப்படுவது கடன் வரம்பு. சம்பளப் பணமும் தேயிலைக் காசும் தப்பிக்கும். டெபிட் கார்டு மட்டும்தான் என்றால் முன்கூட்டியே ஒரு நாள் வாடகையை யு.பி.ஐ.யில் கட்டிவிட்டு, "ஹோல்ட் வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் லாட்ஜில் ஒத்துக்கொள்வோம். பெரிய ஓட்டல்களில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே தொகையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஸ்லிப்பை மட்டும் கட்டாயம் வாங்கி வையுங்கள். அதில் 6 இலக்க அப்ரூவல் கோடும், ஆர்.ஆர்.என். என்று அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க எண்ணும் இருக்கும். பின்னால் சண்டை என்று வந்தால் இந்த இரண்டு எண்கள்தான் பேசும். மிஷின் தாளில் அச்சு சீக்கிரம் மங்கிப்போகும், நம் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். அங்கேயே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கிளம்பும்போது: இங்கேதான் பிழை நடக்கிறது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ப்ரீ ஆத் போட்ட கார்டுக்கு, கிளம்பும்போது 'ப்ரீ ஆத் கம்ப்ளீஷன்' போட வேண்டும். பழைய அப்ரூவல் கோடை மிஷினில் அடித்து, உண்மையான பில் தொகையைக் கொடுத்தால், அந்தத் தொகை மட்டும் பூட்டிலிருந்து லாட்ஜுக்குப் போகும். மீதி விடுபடும். எனக்கு நடந்தது போலப் புதிய சேல் போட்டால் பில்லும் போகும், பூட்டும் நிற்கும். யாரும் ரத்து செய்யாத பூட்டு தானாகக் காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டும். ஓட்டல் ப்ரீ ஆத் ஒரு மாதம் வரைகூட அப்படி நிற்கலாம்.

ஆகவே பில் கட்டும்போது சொல்ல வேண்டியது இதுதான்: "அண்ணா, செக் இன்ல போட்ட ப்ரீ ஆத்தையே கம்ப்ளீட் பண்ணுங்க, புதுசா போடாதீங்க." யு.பி.ஐ.யிலோ ரொக்கமாகவோ பில் கட்டுவதாக இருந்தால், "பழைய ப்ரீ ஆத்தைக் கேன்சல் பண்ணி ஸ்லிப் குடுங்க" என்று கேளுங்கள். கேன்சல் ஸ்லிப் தனியாக அச்சாகி வரும். வாய்வார்த்தையாக "தானா வந்துரும் சார்" என்றால் போதாது, ஸ்லிப் கையில் வரும் வரை நில்லுங்கள். பின்னால் வரிசை நீண்டாலும் பரவாயில்லை. எங்களுக்கு அது இரண்டு நிமிட வேலை.

தவறுதலாகச் சேல் போட்டுவிட்டார்கள், அங்கேயே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் ரீஃபண்ட் என்று கேட்காதீர்கள், 'வாய்டு' கேளுங்கள். நாள் முடிவில் மிஷினில் கணக்கு முடிப்போம், அதை செட்டில்மென்ட் என்போம். அதற்கு முன் வாய்டு போட்டால் அந்தச் சேல் அப்படியே ரத்தாகும். செட்டில்மென்ட் ஆன பிறகு ரீஃபண்ட் ஒன்றுதான் வழி. இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் ஒரு வாரம் மிச்சமாகும்.

வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது என்றால் முதலில் லாட்ஜுக்குப் போன் செய்யுங்கள். மிஷினில் ரத்து செய்ய முடியாத நிலை என்றால், லாட்ஜின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள். கார்டின் கடைசி 4 எண்கள், தேதி, தொகை, அப்ரூவல் கோடு, 'இந்தத் தொகையை நாங்கள் கோரவில்லை, விடுவிக்கலாம்' என்ற ஒரு வரி, கையெழுத்து, முத்திரை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி உங்கள் கிளையில் கொடுங்கள். வெறும் வாயால் கேட்பதைவிட இந்தக் கடிதத்துக்கு வங்கியில் மதிப்பு அதிகம்.

சிக்னல் போய் நடுவில் சிக்கிய பணம்

இது நம் மலைக்கே உரிய தொல்லை. மூடுபனி இறங்கிய மாலையில், ஜெர்கின் போட்டபடி ஒருவர் மேசைக்கு முன் நிற்பார். மிஷினில் 'பிராசஸிங்' என்று சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு ஃபெயில் என்று வரும். மறுபடி போடுவோம், இப்போது போய்விடும். அவர் போனிலும் சிக்னல் இல்லை. மறுநாள் மலை இறங்கி பர்லியாறு தாண்டியதும் மெசேஜ்கள் மொத்தமாக வந்து விழும், அதில் ஒரே தொகை இரண்டு முறை கழிந்திருக்கும்.

இது ஹோல்ட் இல்லை, தோல்வியடைந்த பரிவர்த்தனை. இதற்கு ரிசர்வ் வங்கி தெளிவான கெடு வைத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று வந்த சுற்றறிக்கையின்படி, கணக்கில் கழிந்து கடையில் ஸ்லிப் வராத கார்டு பரிவர்த்தனையை, நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு. கடைக்கு யு.பி.ஐ.யில் கட்டியது சிக்கினாலும், ஏ.டி.எம்.மில் கழிந்து நோட்டு வராவிட்டாலும் இதே கணக்குதான். இந்த நாட்கள் காலண்டர் நாட்கள். சனிக்கிழமை நடந்தது என்றால் வியாழனுக்குள் வந்துவிட வேண்டும். நடுவில் ஞாயிறு வந்தது என்று வங்கி நீட்ட முடியாது. புகார் கொடுக்காவிட்டாலும் ஈட்டுத்தொகையை வங்கியே வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சம்மதித்துப் போட்ட ப்ரீ ஆத்துக்கு இந்த 5 நாள் விதி பொருந்தாது. அதை வைத்து வாதாடினால் கவுன்ட்டரில் இருப்பவர் சுலபமாக மறுத்துவிடுவார், உங்கள் மற்ற நியாயமும் அதோடு போய்விடும்.

மிஷின் ஃபெயில் காட்டினால் உடனே இரண்டாவது முறை போட விடாதீர்கள். ஃபெயில் ஸ்லிப்பை அச்செடுக்கச் சொல்லுங்கள். லாட்ஜ் வைஃபையில் வங்கி ஆப்பைத் திறந்து கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு மறுபடி போடலாம்.

அபராதம் விழுந்துவிட்டது, இப்போது?

முதலில் தவணையைக் கட்டுங்கள். கட்டணச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். தவணை நிலுவையில் நின்றால் தாமதக் கட்டணம் ஏறும், கிரெடிட் ஸ்கோரிலும் கறை விழும். யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது அன்றே அடைத்துவிடுங்கள். தவணை போகாது என்று முந்தைய நாளே தெரிந்தால் இன்னும் நல்லது. ஆட்டோ டெபிட்டுக்கு மெசேஜ் வந்ததும் அவைலபிள் பேலன்ஸைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்டேட்மென்ட் எடுத்து உட்காருங்கள். எந்தத் தேதியில் ஹோல்ட், எந்தத் தேதியில் விலகியது, நடுவில் என்னென்ன கட்டணம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வரியையும் சேர்த்து எழுதுங்கள், அதுவும் உங்கள் பணம்தான். நான் எழுதியது நான்கே வரி. அந்த நான்கு வரியைப் பார்த்ததும் கிளை மேலாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்கு முன் கவுன்ட்டரில் அரை மணி நேரம் வாயால் சொல்லி யாருக்கும் புரியவில்லை.

பிறகு எழுத்தில் கேளுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா / அம்மா, என் கணக்கு எண் ..... இல் ..... தேதி ..... ரூபாய் ஓட்டல் ப்ரீ ஆத்தாக நிறுத்தி வைக்கப்பட்டது. ஓட்டல் பில்லை ..... தேதி தனியாகச் செலுத்திவிட்டேன் (ஸ்லிப் நகல் இணைப்பு). பழைய தொகை ..... தேதி வரை விடுவிக்கப்படவில்லை. அதனால் மட்டுமே ..... தேதித் தவணை திரும்பியது. அன்று என் கணக்கின் மொத்த இருப்பு ..... ரூபாய். தவணைக்குப் போதுமான பணம் இருந்தும் விதிக்கப்பட்ட ..... ரூபாய் கட்டணத்தையும் வரியையும் திருப்பி வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

'மொத்த இருப்பு' வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் பணம் இல்லாமல் தவணையை விட்டவர் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூடலூர்ப் பக்கத் தோட்டங்களிலிருந்து கிளைக்கு வந்து போவது ஒரு நாள் கூலியை விடுவதற்குச் சமம் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வங்கியின் இலவச எண்ணிலோ ஆப்பிலோ புகார் பதிவு செய்து புகார் எண்ணை எழுதி வைத்தால் போதும். எண் இல்லாத புகார் புகாரே இல்லை.

என் வங்கி 318.60-ஐ எட்டு நாளில் திருப்பியது. ஹோல்ட் வங்கியின் பிழை இல்லை, ஆகவே சட்டப்படி திருப்பித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் முறையாகக் கேட்பவருக்கு, குறிப்பாக முதல் முறை என்றால், கிளை அளவிலேயே விட்டுக்கொடுக்க இடம் உண்டு. கடன் கம்பெனி 500-இல் பாதியைக் குறைத்தது. அதற்கு மூன்று போன் ஆனது.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம், போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இந்தப் புகார்களுக்கென்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் சி.எம்.எஸ். இணையதளத்தில் பதிவு செய்யலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். வங்கியிடம் முதலில் புகார் கொடுத்ததற்கான சான்று இல்லாமல் போனால் ஏற்க மாட்டார்கள். முத்திரை வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். பிழை ஓட்டலுடையது, அவர்கள் கடிதம் தரக்கூட மறுக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குறைந்தபட்ச இருப்பும் ஏ.டி.எம். கட்டணமும்

ப்ரீ ஆத்தில் பணம் கணக்கை விட்டுப் போவதில்லை. ஆகவே அதற்காகக் குறைந்தபட்ச இருப்பு அபராதம் விழுந்தால், எந்த இருப்பை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். காஷன் டெபாசிட்டைச் சேலாகப் போட்டிருந்தால் இருப்பு உண்மையிலேயே குறைந்திருக்கும். அப்போதும் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்ததை வங்கி முதலில் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும், அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போகவும் கூடாது. எந்த மெசேஜும் வராமல் பிடித்திருந்தால் அதை எழுதிக் கேளுங்கள். ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குகளில் இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இல் எடுத்தன.

ஏ.டி.எம். விஷயம் சின்னது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் சென்னை போன்ற மெட்ரோ நகரங்கள் இல்லை, ஆகவே வேறு வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் 5 முறை இலவசம். அதற்கு மேல் போனால் 2025 மே முதல் 23 ரூபாய் வரையும் அதன் மேல் வரியும் பிடிக்கலாம். மிஷினில் நோட்டு இல்லை, லைன் போய்விட்டது என்று தோல்வியானால் அதை 5-இல் ஒன்றாக எண்ணக் கூடாது. ஹோல்ட் நிற்கும் நாட்களில் எடுப்பதற்கு முன் ஆப்பில் ஒரு முறை பார்த்துக்கொண்டால், எனக்குப் போன 23.60 உங்களுக்கு மிஞ்சும்.

நான் இப்போது செய்வது

தவணை போகும் கணக்கின் கார்டை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வெளியூர் போகிறேன். பயணத்துக்கென்று இன்னொரு கணக்கு. குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு அது. போகும் முன் வேண்டிய தொகையை மட்டும் அதில் மாற்றுவேன். யார் எவ்வளவு பூட்டினாலும் தவணைப் பணத்தைத் தொட முடியாது. அடிப்படைக் கணக்கு ஒரு வங்கியில் வைத்திருந்தால் அங்கேயே சாதாரண சேமிப்புக் கணக்கும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே அதை வேறு வங்கியில் தொடங்குங்கள்.

எங்கள் மேசையில் கார்டு மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன், நானும் என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகளும் பார்ப்பதற்காக: "செக் அவுட்: முதலில் பழைய ப்ரீ ஆத் எண்ணைத் தேடு." விருந்தினர்களில் சிலர் அதைப் படித்துவிட்டு "எனக்கும் போட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். ரிஜிஸ்டரைத் திருப்பி அவர்களுக்கே காட்டுகிறேன்.